கண் கடைசியில்

யானையின் காது பொருந்தவில்லை.

ஒரே பலகையிலிருந்து, சற்று முன்னால், அவன் கையாலேயே அறுத்தெடுத்த காது. அது இருந்த இடமும் அவன் கண்ணெதிரே பள்ளமாகத் திறந்து கிடந்தது. வெட்டிய துண்டு வெட்டிய இடத்தில் உட்காராமல் வேறு எங்கே போய் உட்காரும்? மேலே வைத்து அழுத்தினான். திருப்பி வைத்தான். கட்டைவிரலால் நெம்பி, உள்ளங்கையால் தட்டி, கடைசியில் "ஏய் சனியனே" என்று வாய்விட்டுத் திட்டியும் பார்த்தான். காது ஒரு மயிரிழை பெரிதாக இருந்தது. ரம்பம் தின்ற மரமெல்லாம் தூளாகக் கீழே கொட்டிக் கிடக்கிறது. துண்டு கொஞ்சம் சிறுக்கலாம், பெருக்க வழியே இல்லை. இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

காதை மேசைமேல் விட்டெறிந்தான். தன் காதில் செருகிவைத்திருந்த பென்சிலை எடுக்கக் கையைக் கொண்டுபோனான். பென்சிலும் இல்லை.

காலையிலிருந்தே இப்படித்தான். விடாத மழை. பின்னறையின் ஜன்னலைத் திறந்தால் சாரல் உள்ளே அடித்து வரைபடத் தாள்களை நனைத்தது, மூடினால் மரத்தூள் மூக்கை அடைத்துத் தும்மல் தும்மலாக வந்தது, தலைக்கு மேலே ட்யூப்லைட் ஒன்று பட்டப்பகலிலும் முனகிக்கொண்டே எரிந்தது. மேசையின் நடுவே, ஒரு தையல் மிஷின் அளவில், மனைவியின் ரம்ப மிஷின் உட்கார்ந்திருந்தது. நூல்போல மெல்லிய பிளேடு ஒன்று அதில் செங்குத்தாக நிற்கும். கால் சுவிட்சை மிதித்தால் மேலும் கீழும் துள்ளும். பலகையை இரண்டு கையாலும் பிடித்து, வரைந்த கோட்டின் வழியே திருப்பித் திருப்பிக் கொடுக்கவேண்டும். யானை, ஒட்டகம், முயல், ஆமை என்று ஒவ்வொரு மிருகமும் துண்டு துண்டாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு குமிழ், அது போய் மாட்டிக்கொள்ளப் பக்கத்துத் துண்டில் ஒரு குழி. குழந்தைகள் பிரித்துப் பிரித்துச் சேர்த்து விளையாடலாம். மனைவி இதைப் பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்வாள்.

அவன் லிப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிப்டுகளை ஓடவைப்பவன். ஒரு மரப்பலகையைக் கோட்டோடு கோடாக அறுப்பதற்கு என்ன பெரிய வித்தை வேண்டும் என்றுதான் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தான். போன வாரம் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும்போது அவள் வலிக்காக அழவில்லை. "வார்டுப் பிள்ளைங்களுக்குக் குடுக்கிறேன்னு சொல்லிட்டேனேங்க" என்றுதான் அழுதாள். ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டிலிருந்து அவளைத் தேடிப் பிடித்து இந்த மிருகங்களைக் கேட்டிருந்தார்கள். அவள் வேலையை ஒருவர் தேடிவந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த அழுகையைப் பார்த்துவிட்டு, "நான் முடிச்சுத் தர்றேன், போதுமா?" என்று வாயைக் கொடுத்துவிட்டான். நாளைக் காலையில் வண்டி வந்துவிடும்.

"ஏங்க..." படுக்கையறையிலிருந்து அவள் குரல் வந்தது. மாத்திரை போட்ட குரல், வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. "சத்தம் நின்னுபோச்சே. பிளேடு ஒடைஞ்சிடுச்சா?"

"ஒடையல. காது உள்ள போகமாட்டேங்குது."

"எந்தக் காது?"

"ம், என் காது. யானைக் காதுதான், வேற எது?"

அவள் சிரித்ததுபோலக் கேட்டது. பிறகு, "கண்ணு போட்டுட்டீங்களா?" என்றாள்.

"அதெல்லாம் காலையிலேயே ஆச்சு. எல்லாத்துக்கும் மொத்தமா."

அந்தப் பக்கத்தில் சிரிப்பு நின்றது.

கண் என்றால் ஒன்றுமில்லை, முகத்தில் டிரில் மிஷினால் போடும் சின்ன ஓட்டை. மனைவி அதைக் கடைசியில்தான் போடுவாள். அறுத்து, ஒட்டிய தாளை உரித்து, உப்புத்தாள் தேய்த்து, எல்லாம் முடிந்தபிறகு ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ மருந்து ஊற்றுகிற மாதிரி மெதுவாக. பார்த்தாலே அவனுக்குப் பொறுமை போய்விடும். அவன் ஒரே மிருகத்தின் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கிப் பிடித்து, பேட்டரி டிரில்லால் ஒரே குத்தில் எல்லாக் கண்களையும் திறந்துவிட்டிருந்தான். தன் மூளையை நினைத்துக் காலையில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அறுக்கறதுக்கு முன்னாடியேவா போட்டீங்க?"

"ஆமா. தலைத்துண்டு பிளந்துடும்னு தானே பயப்படுற? ஒண்ணுகூடப் பிளக்கல."

"அதுக்காக இல்லீங்க."

"பின்ன எதுக்கு?"

மழைச் சத்தம். கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. "ஒரு தடவை மறதியா ஒரு கன்னுக்குட்டிக்கு முதல்லயே போட்டுட்டேன். அறுக்க அறுக்கப் பாத்துட்டே இருந்துச்சுங்க. எப்படி அறுக்கறேன்னு பாக்கற மாதிரி."

"மாத்திரை நல்லா வேலை செய்யுது. தூங்கு நீ."

அவள் வேறு என்னவோ முணுமுணுத்தாள். கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளுடைய மூச்சு சீராகிவிட்டது.

அடுத்து ஒட்டகம். பலகையைப் பிளேடுக்குக் கொடுத்தான். பிளேடு கழுத்தில் இறங்கி, குமிழ் வளைவில் திரும்பும் இடத்தில் மரம் பிளேடைக் கவ்விக்கொண்டது. பலகை முழுவதும் தடதடவென்று அடித்துக்கொண்டு அவன் விரல்களை உதறியது. டப். பிளேடு ஒடிந்தது. புதுப் பிளேடு மாட்டினான். பற்கள் கீழ்நோக்கி இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்தான், இழுவையைச் சரிபார்த்தான், மீட்டினால் அது நன்றாகவே 'டிங்' என்றது. திரும்பவும் அதே வளைவு. டப். கோட்டில் தவறில்லை, மிஷினில் தவறில்லை, கையில் தவறில்லை. ஆனால் அந்த வளைவு வரும்போதெல்லாம் மரத்துக்குள்ளே ஏதோ பல்லைக் கடித்துக்கொள்வதுபோல ஓர் இறுக்கம். அறுபடும் சத்தமும் வேறு மாதிரி இருந்தது. காலையில் ஈ ரீங்கரிப்பதுபோல ஒரே சீராக இருந்த சத்தம் இப்போது விட்டு விட்டு, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி வந்தது.

ஒட்டகத்தின் கண் அவன் சட்டைப் பொத்தானுக்கு நேராக இருந்தது. பலகையைத் திருப்பினான். வளைவில் திருப்பித்தானே ஆகவேண்டும். கண் சுற்றிக்கொண்டு போய், பிளேடைத் தாண்டி, மறுபடியும் அவனைப் பார்க்க வந்து நின்றது.

"என்னடா பாக்குற?" என்றான் அதனிடம். சொன்னபிறகு அவனுக்கே சிரிப்பு வந்தது. நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

எப்படியோ மல்லுக்கட்டி ஒட்டகத்தை முடித்தான். ஆமையை முடித்தான். துண்டுகளை இழைத்து, ஒன்றில் ஒன்றைத் திணித்து, அடித்து உட்காரவைத்து, அப்பாடா என்று ஆமையை வாலைப் பிடித்துத் தூக்கினான். வால் மட்டும் கையில் வந்தது. மீதி ஆமை பொலபொலவென்று தரையில் கொட்டியது.

நேற்றுத்தான் மனைவி தலைதலையாக அடித்துக்கொண்டாள். "முனையைப் பிடிச்சுத் தூக்காதீங்க. பாக்கறதுக்கு ஒரே உடம்பாத்தான் தெரியும். ஆனா அறுத்தது அறுத்ததுதான், தூக்கினா கொட்டிடும். அடியில பலகை குடுத்து நகத்தணும்." அந்த நேரத்துக்கு 'சரி சரி' என்று தலையாட்டினான். இப்போது மேசைக்கடியில் தவழ்ந்து, தூளையும் ஒடிந்த பிளேடுகளையும் விலக்கி, ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கவேண்டியிருந்தது. எல்லாம் கிடைத்தது. பென்சில் மட்டும் கிடைக்கவில்லை. வேறு எங்கே போய்த் தொலைந்தது? இந்த அறையைவிட்டு அவன் வெளியே போகவே இல்லை.

மேசைக்கடியிலிருந்து தலையைத் தூக்கியபோது சிட்டு நின்றுகொண்டிருந்தாள். அவன் மகள். ஓர் இடத்தில் நிற்காத கால், ஓயாத வாய், அதனால் அந்தப் பெயர். இந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்கள். கையில் பச்சைக் களிமண் உருண்டை, மூக்கில் கொஞ்சம் களிமண்.

"அப்பா, முயலைத் தூங்க வெச்சுட்டேன்."

"எந்த முயல்?"

அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினாள். காலையில் அவன் அறுத்து, சேர்க்கமுடியாமல் குவியலாக ஒதுக்கிவைத்த முயல். இப்போது முழுசாக, அழகாக, ஒரு கோடுகூடத் தெரியாமல் சேர்ந்து கிடந்தது. கண் ஓட்டையில் பச்சைக் களிமண் அடைத்திருந்தது.

"நீயா சேர்த்த?"

"ம். கண்ணு மூடவே மாட்டேன்னுச்சு. நான் மூடிவிட்டேன். அப்புறம் சமத்தா சேந்துக்கிச்சு."

அவன் ஒரு துண்டைக் கழற்றினான். வழுக்கிக்கொண்டு வந்தது. திரும்ப வைத்தான். வெண்ணெய்போல உள்ளே போனது. காலையில் உயிரை வாங்கிய அதே முயல். ஒரு கணம், ஒரே ஒரு கணம், மிச்சக் களிமண்ணை அவளிடமிருந்து வாங்கி எல்லாவற்றுக்கும் அடைத்துவிட்டால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது.

அடைத்துவிட்டு நாளைக்கு வார்டில் என்ன சொல்வது? பச்சைக் களிமண் அப்பிய முயலைக் கொடுத்தால் மனைவியின் மானம்தான் போகும். காய்ந்த இடத்தில் மரம் சுருங்கியிருக்கும், அதனால் பொருந்தியிருக்கும், அவ்வளவுதான். ஓர் ஆணியை எடுத்துக் களிமண்ணைக் குடைந்து வெளியே தள்ளினான்.

"வேணாம்பா! எழுப்பாதீங்க!"

"சும்மா இரு சிட்டு."

கடைசித் துணுக்குக் களிமண் விழுந்ததும் முயலுக்குள்ளே எங்கேயோ 'டிக்' என்றது. சொடக்கு எடுத்ததுபோல. அவன் காதுத்துண்டை அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. எல்லாத் துண்டும் இறுகிப்போயிருந்தது.

அப்போதுதான் கையைக் கவனித்தான்.

இடது மணிக்கட்டில் ஒரு பென்சில் கோடு. பாதி தூரம் நேராக வந்து, நடுவில் உருண்டையாக ஒரு குமிழ் வளைந்து, மறுபடி நேராகப் போயிருந்தது. சுத்தமான கோடு. நடுங்காத கை போட்ட கோடு. எச்சில் தொட்டுத் தேய்த்தான். மங்கக்கூட இல்லை.

"இது உன் வேலையா?"

"எதுப்பா?"

"கையில கிறுக்கி வெச்சிருக்கியே, இது. அப்பா பென்சிலை எடுத்தது நீதானா?"

"நான் இல்லப்பா. நான் பூ மட்டும்தான் போடுவேன். அம்மாவுக்கு."

அது உண்மைதான். மனைவியின் மாவுக்கட்டு முழுக்க சிட்டு ஸ்கெட்ச் பேனாவால் பூவாக வரைந்து வைத்திருந்தாள். ஆனால் உண்மை பொய் பார்க்கும் நிலையில் அவன் இல்லை. காலையிலிருந்து சேர்த்துவைத்த எரிச்சல், ஒடிந்த பிளேடு, பொருந்தாத காது, தொலைந்த பென்சில், எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் அந்தச் சின்னப் பெண்ணின் தலையில் இறங்கியது.

"பொய் வேற சொல்றியா? போ! போய் உன் ரூம்ல படு. ஆடக்கூடாது, அசையக்கூடாது. கண்ணை மூடிக்கிட்டுப் படுக்கணும். நான் வந்து சொல்ற வரைக்கும் எழுந்திருக்கவே கூடாது. போ!"

சிட்டுவின் கீழுதடு பிதுங்கியது. அழாமல் போனாள். போகும்போது கீழ்த்தட்டிலிருந்த முயலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். அவளுடைய அறைக்கதவு சாத்திக்கொண்டது.

பாவமாகத்தான் இருந்தது. வேலை முடிந்ததும் போய்ச் சமாதானம் செய்துகொள்ளலாம். மடியில் போட்டுக் கொஞ்சினால் ஒரு நிமிஷத்தில் மறந்துவிடும் பிள்ளை.

மணிக்கட்டுக் கோடு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. தலைவலித் தைலம் எடுக்கிற சாக்கில் மனைவியின் படுக்கையறைக்குப் போனான். அவள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள், பூப்போட்ட கட்டு வயிற்றின்மேல் ஏறி இறங்கியது. ஜன்னல் கண்ணாடியில் சாய்த்துவைத்திருந்த எக்ஸ்ரே, மழை வெளிச்சத்தில் நீலமாகத் தெரிந்தது. அதை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறான். பதற்றத்தில் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தான். எலும்பு முறிந்தால் மரக்குச்சி ஒடிந்த மாதிரி சிலும்புசிலும்பாக இருக்கவேண்டும். இது அப்படி இல்லை. பாதி தூரம் நேர்க்கோடு. நடுவில் உருண்டையாக ஒரு வளைவு. மறுபடி நேர்க்கோடு.

தன் கையை எக்ஸ்ரேக்குப் பக்கத்தில் கொண்டுபோகப் போனவன், பாதியில் இறக்கிக்கொண்டான். என்ன பைத்தியக்காரத்தனம்! அவள் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தாள். அவன்தான் தூக்கினான். என்றைக்கு அந்தக் கன்றுக்குட்டியைச் செய்தாள் என்று அவளைக் கேட்டிருக்கலாம். எழுப்ப மனம் வரவில்லை. மனம் வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

தைலத்தை எடுக்காமலே திரும்பிவந்தான்.

அதன்பிறகு வேலை ஓடியது. அப்படி ஓடியது! மிச்சப் பலகைகளில் பிளேடு ஒருமுறைகூடத் திணறவில்லை. கோடுகளைத் தானே தெரிந்துகொண்டதுபோல மரம் அவன் கைக்குள் திரும்பியது, துண்டுகள் ஒவ்வொன்றாக 'டொக் டொக்' என்று கழன்று விழுந்தன, சேர்த்தால் சேர்ந்தன, பிரித்தால் பிரிந்தன. காலையிலிருந்து அவனை அலைக்கழித்தவை இப்போது ஒரு குறையும் இல்லாதவைபோல அடங்கிக் கிடந்தன. 'இப்பத்தான் கை பழகியிருக்கு' என்று நினைத்துக்கொண்டான். கெட்டிக்காரன்தான் என்று தன்னையே மெச்சிக்கொண்டான். மழை சற்றுத் தணிந்திருந்தது. மிஷினை நிறுத்தித் தூளை ஊதும்போதெல்லாம், உள்ளே நடைபாதையின் அந்தக் கோடியிலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. சரக். சரக். நிதானமாக, நீளமாக. பென்சில் சத்தம்.

சிட்டுதான். படுக்கச் சொன்னால் படம் வரைகிறாள். பென்சிலை எடுத்தவள் யாரென்று இப்போது தெரிந்துவிட்டது. போனால் போகட்டும், அழாமல் இருக்கிறாளே என்று விட்டுவிட்டான்.

சரக். சரக். கொஞ்சம் நிறுத்தி, ஒரு வளைவு. சரக்.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. மிருகங்களை அலமாரித் தட்டுகளில் சுவரைப் பார்க்கத் திருப்பி அடுக்கினான். ஏன் சுவரைப் பார்க்க என்று அவன் யோசிக்கவில்லை. மிஷினின் பிளக்கைப் பிடுங்கினான். யானைக்காதை மட்டும் காலையில் சரிசெய்துகொள்ளலாம் என்று யானையையும் காதையும் மேசையிலேயே விட்டான். உடம்பெல்லாம் மரத்தூள் அரித்தது. குளிக்கப் போனான்.

தலையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போது மணிக்கட்டைச் சோப்பு போட்டுத் தேய்த்தான். நாரைக் கொண்டு தேய்த்தான். தோல் சிவந்தது. கோடு அப்படியே இருந்தது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் ரம்ப மிஷின் ஓடுவதுபோல இருந்தது. சீராக. திணறாமல். பழகிய கை ஓட்டுவதுபோல. குழாயை மூடினான்.

சத்தம் இல்லை.

நாள் பூராவும் கேட்ட சத்தம், காதிலேயே தங்கிவிட்டது. குழாயைத் திறந்தான். மறுபடியும் கேட்டது. இந்த முறை குழாயை மூடவில்லை. சீக்கிரம் சீக்கிரமாகக் குளித்துவிட்டு, தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் வெளியே வந்தான்.

பின்னறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டுப் போனதாகத்தான் ஞாபகம். ஞாபகத்தை நம்ப முடியாத நாள் இது. மிஷின் சும்மா நின்றது. பிளேடைத் தொட்டான். சுட்டது. விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். கீழே பிளக்கைப் பார்த்தான். சுவரில் மாட்டியிருந்தது.

மிஷின் தட்டின்மேல் புதிதாகக் கொஞ்சம் தூள். மரத்தூள் மஞ்சளாகச் சொரசொரவென்று இருக்கும். இது வெள்ளையாக, மாவுபோல, விரலில் ஒட்டிக்கொண்டது. மூக்கருகே கொண்டுபோனான். மர வாசனை இல்லை. இந்த வாசனை அவனுக்குத் தெரியும். எங்கே? எங்கே முகர்ந்தது? பல் டாக்டர் அறையில். பல்லைக் குடையும்போது வருமே, அது.

அலமாரியைப் பார்த்தான். மிருகங்கள் சுவரைப் பார்க்கவில்லை. எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. வாசலைப் பார்த்து. நடைபாதையைப் பார்த்து. மேசையில் யானை இல்லை. காதும் இல்லை. சுவரில் பேட்டரி டிரில் மாட்டும் கொக்கி காலியாக இருந்தது.

"சிட்டு?"



யானையை அவள்தான் எடுத்திருக்கவேண்டும். டிரில்லை எட்டி எடுக்க அவளுக்கு உயரம் பத்தாது. நடைபாதையில் நடந்தான். படுக்கையறையில் மனைவியின் மூச்சு சீராகக் கேட்டது. சிட்டுவின் அறைக்கதவு திறந்திருந்தது. அவள் சாத்திய கதவு. தரையில், வாசலிலிருந்து கட்டில்வரை, மெல்லிய வெள்ளைத் தூள். சின்னச் சின்னத் தடங்கள்.

விளக்கைப் போட்டான்.

சிட்டு மல்லாந்து படுத்திருந்தாள். நேராக. கைகளை உடம்பைவிட்டுத் தள்ளி, கால்களை அகட்டி, பலகையில் ஒட்டிய வரைபடம்போல. கண்களை இறுக மூடியிருந்தாள். கட்டிலைச் சுற்றி யானை, முயல், ஆமை, ஒட்டகம். இவையெல்லாம் இப்போதுதானே அலமாரியில்... யானை அவள் தலைமாட்டில் நின்றது. காது கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

"அப்பாவா?" கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"நான்தாம்மா. எழுந்திரு. எழுந்திரு கண்ணு, அப்பா சும்மா திட்டினேன்."

"ஆடக்கூடாதுன்னு சொன்னீங்கல்ல? நான் ஆடவே இல்லப்பா."

அவள் கழுத்தைச் சுற்றி ஒரு கோடு. தோளில் ஒன்று. முழங்கையில். மணிக்கட்டில். கவுனுக்குக் கீழே முழங்காலில். ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் உருண்டையாக ஒரு குமிழ். நடுங்காத கை போட்ட கோடுகள். அவனுடைய பென்சில் தலையணைமேல் கிடந்தது. பென்சில் கோடுதான். வெறும் பென்சில் கோடு. மண்டியிட்டு, அவள் மணிக்கட்டைக் கட்டைவிரலால் தேய்த்தான். அழியவில்லை. நகத்தால் சுரண்டினான்.

நகம் உள்ளே போனது.

ரத்தம் இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை. மயிரிழை இடைவெளி. அவன் நகத்துக்கு அந்தப் பக்கம் அவளுடைய சின்னக் கை, குமிழ் மாட்டிய துண்டாக, லேசாக ஆடியது.

"வலிக்கலப்பா," என்றாள் சிட்டு. "கூசுது. மிஷின்லயும் இப்படித்தான் கூசிச்சு."

அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். மழையில், தெருவில், எங்கேயாவது, யாரிடமாவது. இரண்டு கைகளையும் அவளுக்கு அடியில் கொண்டுபோனான். நின்றான். பார்க்கும்போது ஒரே உடம்பாகத்தான் தெரிந்தது. அறுத்தது அறுத்ததுதான். தூக்கினால்...

கைகள் காற்றில் நின்றன. அவளைத் தொட முடியவில்லை. தொடாமல் இருக்கவும் முடியவில்லை. மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

"கண்ணைத் திறக்கலாமாப்பா?"

"திற... திறம்மா."

அவள் தலையை ஆட்டப் பார்த்து, ஞாபகம் வந்து, ஆட்டாமல் நிறுத்திக்கொண்டாள்.

"வேணாம்பா. திட்டுவாங்க. கண்ணு கடைசியிலதானாம்."

பின்னறையின் விளக்கு அணைந்தது. ரம்ப மிஷினை யாரும் தூக்கிக்கொண்டு வரமுடியாது. டிரில்லைத் தூக்கலாம். அதன் பொத்தானை யாரோ ஒருமுறை அழுத்திப் பார்த்தார்கள். விர்ர். விட்டார்கள். மறுபடி, கொஞ்சம் கிட்டத்தில், நடைபாதையில். விர்ர்.

மகளுக்கு மேலே கைகளை விரித்தபடி அவன் மண்டியிட்டிருந்தான். சிட்டு, நல்ல பிள்ளையாக, ஆடாமல் அசையாமல், கண்களை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.